நீலகிரியில் கைவினை, கதை, ஊர் வரலாறு: புதிதாகத் தேடிப் போகிறவர்களுக்கு

ஊட்டிக்குப் போய் வந்த வீட்டில் வர்க்கிப் பொட்டலமும் தைல பாட்டிலும் கட்டாயம் இருக்கும். அதையும் தாண்டி, அந்த மலையில் தலைமுறைகளாக வாழ்கிறவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன பாடுகிறார்கள், எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிக்கல் எங்கே தொடங்குவது என்பதுதான். எந்த ஊருக்குப் போவது, யாரைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வு மாணவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு நோட்டும், திரும்பத் திரும்ப ஒரே ஊருக்குப் போகும் பொறுமையும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் கைவினையைத் தனியாக, கதையைத் தனியாக, வரலாற்றைத் தனியாகத் தேடினால் மூன்றும் பாதியாகத்தான் கிடைக்கும். தோடர் போர்வையின் தையல் அவர்களுடைய சாவுச் சடங்கோடு சேர்ந்தது. கோத்தர் செய்த அரிவாளும் பானையும் பக்கத்து ஊர்க்காரர்களோடு அவர்களுக்கு இருந்த கொடுக்கல் வாங்கலோடு சேர்ந்தவை. எழுத்தில் இருக்கும் வரலாறோ, பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதிவைத்தது. ஆகவே பொருளைக் கதையோடும், கதையை ஆவணத்தோடும், ஆவணத்தை மறுபடி கதையோடும் ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

1. யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் நீலகிரியின் தொல்பழங்குடிகள் என்று அரசுப் பட்டியலில் உள்ளன. குறும்பருக்குள்ளேயே ஆலு, பெட்ட, முள்ளு என்று பிரிவுகள் உண்டு. ஒருவர் வழக்கம் இன்னொருவருக்குப் பொருந்தாது. படகர் பெரிய விவசாயச் சமூகம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரிக்கை நெடுங்காலமாக இருந்தாலும் இன்றைக்கு அதில் இல்லை. இந்த விஷயத்தில் படகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது.

பழைய நாட்களில் இவர்களுக்குள் ஒரு பண்டமாற்று இருந்தது. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். கோத்தர் கொல்லு வேலை, தச்சு வேலை, பானை, விசேஷங்களுக்கு வாத்தியம் எல்லாம் கொடுத்தார்கள். படகரிடமிருந்து தானியம் வந்தது. குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொடுத்தார்கள். மந்திரக் காப்புக்கும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். சந்தையும் பணமும் பரவிய பிறகு, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த ஏற்பாடு தளர்ந்துபோனது. இன்று நீங்கள் கடையில் பார்க்கும் எந்தக் கைவினைப் பொருளும் முதலில் கடைக்காகச் செய்யப்பட்டதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மலையேறுங்கள்.

இந்தப் பட்டியல் இதோடு முடியவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்கள், மைசூர்ப் பக்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் என எல்லோரிடமும் ஊர் வரலாறு இருக்கிறது. அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

2. மலையேறும் முன் பார்க்க வேண்டியவை, ஏறியதும் பார்க்க வேண்டியவை

சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே தொடங்கலாம். நீலகிரி மலைமுகடுகளில் வட்டமாகக் கல் அடுக்கிய பழைய ஈமச் சின்னங்கள் உண்டு. அவற்றைத் தோண்டி எடுத்த மட்கலங்களும் இரும்புப் பொருட்களும் அங்கே இருக்கின்றன. மூடிகளில் எருமை, மற்ற விலங்குகள், மனித உருவங்கள் எல்லாம் களிமண்ணில் செய்து ஒட்டியிருப்பார்கள். நிதானமாகப் பாருங்கள். தோண்டியவர்களில் முக்கியமானவர் நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ். அவர் இறந்த பிறகு, 1873இல், அவருடைய குறிப்புகள் புத்தகமாக வந்தன.

உதகையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் உள்ளன. ஆறு சமூகங்களின் பொருட்களையும் வீட்டு மாதிரிகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சுற்றுலாக் கூட்டம் அவ்வளவாக வராத இடம். ஆனால் இது அரசு அலுவலகம். வேலை நாளில், விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பங்களாவைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1819இல் மலைக்கு வந்தார். ஆங்கிலேயர் குடியேற்றம் முதலில் வேர்விட்டது ஊட்டியில் இல்லை, கோத்தகிரிப் பக்கத்தில்தான். அதையும் “சல்லிவன் கண்டுபிடித்த மலை” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 1812இலேயே இரண்டு சர்வேயர்கள் வந்துபோயிருக்கிறார்கள். 1603இல் ஃபினிச்சியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபாரிலிருந்து மலையேறித் தோடரைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவர்களுக்கெல்லாம் முன்னால் அங்கே மனிதர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

படிக்க விரும்பினால் 1908இல் வந்த பிரான்சிஸின் மாவட்டக் கெசட்டியர் (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பு), தோடரைப் பற்றி மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் எழுதியது ஆகிய இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் போகப்போகும் தாலுகாவைப் பற்றிய பக்கங்களை மட்டும் படித்துக் குறிப்பெடுங்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. அந்தக் கால எழுத்தாளர்களுக்குத் தோடர் மேல் ஒரு மயக்கம், குறும்பர் மேல் ஒரு பயம். குறும்பரை மந்திரவாதி என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர் குடும்பங்கள் கொல்லப்பட்டதும் அதே ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. “நீங்க மந்திரம் பண்ணுவீங்களாமே?” என்று விளையாட்டாகக் கேட்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. தெரிந்துகொண்டு போங்கள், அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

3. எப்போது போவது

ஏப்ரல், மே வேண்டாம். சீசனில் யாருக்கும் பேச நேரமிருக்காது, ரோட்டிலும் நகர முடியாது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் வெளுத்து வாங்கும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மண்சரிவைக் கொண்டுவரும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பேச்சுக்கு நல்லவை. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் திருவிழாக் காலம். தோடரின் மொற்பர்த், கோத்தரின் கம்பட்டராயர் திருவிழா, படகரின் ஹெத்தையம்மன் திருவிழா எல்லாம் அதை ஒட்டித்தான் வரும். ஆனால் முதல் தடவையே திருவிழாவுக்குப் போகாதீர்கள். அன்றைக்கு நீங்கள் ஊருக்கு விருந்தாளி கூட இல்லை, கூட்டம்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் தங்கினால் பொழுது சாயும் முன் அறைக்குத் திரும்பிவிடுங்கள். கரடியும் காட்டெருமையும் தேயிலைத் தோட்டத்தில் சர்வசாதாரணம்.

4. பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படியுங்கள்

பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்றால் பாதி வரலாறு பலகையில் ஓடும். ‘ஹட்டி’ என்று முடிந்தால் படகர் ஊர். ‘மந்து’ என்றால் தோடர் இருப்பிடம். ‘கோக்கால்’ கோத்தர் ஊர், மொத்தம் ஏழு. ‘கொம்பை’ என்று முடியும் ஊர்கள் பெரும்பாலும் சரிவில் இருக்கும் குறும்பர், இருளர் ஊர்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் சுற்றப்போகும் பகுதியின் ஊர்ப் பெயர்களை இப்படிப் பிரித்து எழுதுங்கள். உயரமும் குறித்துக்கொண்டால், மேல் பீடபூமியில் யார், கிழக்குச் சரிவில் யார் என்ற படம் தானாகவே விரியும். கோத்தர் ஊர்களில் ஒன்றின் பெயர் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது ஊட்டி அருகே இருக்கிறது.

5. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாக் கைவினையையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது தோடர் பூத்தையல். எளிதில் கையில் கிடைக்கும், கூர்ந்து பார்க்கப் பார்க்க விஷயம் வந்துகொண்டே இருக்கும்.

பூத்துக்குளி என்பது தோடர் ஆணும் பெண்ணும் போர்த்தும் கனமான பருத்திப் போர்வை. வெளுப்புத் துணி, சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள், பட்டைகளுக்கு இடையில் அதே இரண்டு நிறங்களில் தையல். துணியை அவர்கள் நெய்வதில்லை, வெளியிலிருந்துதான் வாங்குவார்கள். தையல் மட்டும் முழுக்க முழுக்கப் பெண்களின் கை. சட்டம் மாட்டுவதில்லை, பென்சிலால் வரைவதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியின் ஊடும் பாவுமான நூல்களை விரல் நுனியால் எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று ஊசியை ஓட்டுவார்கள். ஒரு இழை தப்பினால் அந்த வரிசையே கோணிப்போகும். எருமைக் கொம்பு, பூ, மலை என்று வடிவங்களுக்குப் பெயர் உண்டு.

கையில் ஒன்று கிடைத்தால் முதலில் புரட்டிப் பாருங்கள். ஊசி ஓடுவது துணியின் பின்பக்கத்தில். அப்படித் தைக்கும்போது நூல் கொஞ்சம் தளர்ந்து மறுபக்கத்தில் சின்னச் சின்ன வளையமாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைத்த பக்கம்தான் வெளியே தெரியும்படி போர்த்தும் முகப்பு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் வடிவம் விரலுக்குத் தெரியும். மிஷின் தையலிலோ அச்சடித்த துணியிலோ அது தெரியாது. பிறகு ஒரு வடிவத்தை எடுத்து, அது எத்தனை இழையில் தொடங்கி எத்தனை இழையில் முடிகிறது என்று எண்ணிக் கட்டம் போட்ட தாளில் வரைந்து பாருங்கள். ஒரு உள்ளங்கை அகலத்தை வரைந்து முடிப்பதற்குள், தைத்தவரின் மனக்கணக்கு மேல் மரியாதை வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் கேள்விகளும் மாறிவிடும்.

இந்த வேலைப்பாட்டில் மிகச் சிறந்தது இறந்தவரைப் போர்த்த ஒதுக்கப்படும். இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். “இதுல குஷன் கவர் வருமா?” என்று தொடங்குவதற்கும், இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. (குஷன் கவரும் செய்கிறார்கள், விற்கிறார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை.)

கோத்தர் பானையைப் பார்ப்பது இவ்வளவு சுலபமில்லை. கடையில் குவித்து வைக்கும் பொருள் அது இல்லை. பெண்கள்தான் வனைவார்கள். இரும்பு, மரம், வாத்தியம் ஆண்கள் பக்கம். அவர்களுடைய நீண்ட நாயனத்தின் பெயர் கொள், வளைந்த கொம்பு வாத்தியம் கொப். கோத்தர் இசை காதில் விழும் வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள்.

குறும்பர் ஓவியத்தைக் கோத்தகிரிப் பக்கம் பார்க்கலாம். முன்பு வீட்டுச் சுவரிலும் கோயில் சுவரிலும் வரைந்தது, இப்போது தாளிலும் துணியிலும் வருகிறது. செம்மண், வெள்ளை மண், கரி, இலைச் சாறு, வேங்கைப் பிசின் ஆகியவைதான் பழைய நிறங்கள். தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது, சாமி கும்பிடுவது என்று கோட்டு உருவங்களாக இருக்கும். வெள்ளரிக்கொம்பை அருகே எழுத்துப்பாறை என்ற இடத்தில் பழைய பாறை ஓவியங்கள் உள்ளன. ஆலு குறும்பர் அவற்றைத் தங்கள் முன்னோர் வரைந்தவை என்றே சொல்கிறார்கள். காட்டுக்குள் இருக்கும் இடம், அனுமதியும் உள்ளூர் ஆளும் இல்லாமல் போகக் கூடாது.

கைவினையைப் பார்க்கும்போது அதன் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். தோடர் கோயிலின் கூரைக்கு வேண்டிய புல் சதுப்பு நிலத்தில் வளர்வது. சதுப்பு காய்கறித் தோட்டமானால் புல் குறையும், புல்வெளியில் சீகை மரமும் தைல மரமும் நட்டால் எருமைக்கு மேய்ச்சல் குறையும். ஒரு கூரையைப் பற்றிக் கேட்டால் நூறு வருட நில வரலாறு வந்து விழும்.

6. வாங்குவதாக இருந்தால்

தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் மிஷின் தையலை விற்பது இன்னும் நிற்கவில்லை. மேலே சொன்ன புரட்டிப் பார்க்கும் முறையைப் பயன்படுத்துங்கள். தைத்தவரிடம் நேராக வாங்கலாம். இல்லாவிட்டால் பூம்புகார் விற்பனை நிலையத்திலோ, 1993இல் தொடங்கப்பட்டுக் கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அமைப்பு தொடங்கிவைத்த பசுமைக் கடைகளிலோ வாங்கலாம். பேரம் வேண்டாம். வீட்டு வேலைக்கும் எருமை வேலைக்கும் நடுவில் தைப்பதால் ஒரு பெரிய போர்வைக்கு மாதக்கணக்கில் ஆகும். “மயில் போட்டுத் தாங்க, பிள்ளையார் போட்டுத் தாங்க” என்று கேட்பதையும் தவிருங்கள். அவர்கள் செய்துகொடுப்பார்கள்தான். உங்களுக்குத்தான் தோடர் துணி கிடைக்காமல் போகும்.

7. கதை கேட்பது

இதுதான் இந்தக் கட்டுரையின் பெரிய பகுதி. புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

முதல் சந்திப்பில் ரெக்கார்டரை எடுக்காதீர்கள். ஊருக்குள் நுழைந்ததும் ஊர்ப் பெரியவர் யார் என்று விசாரித்து, அவரிடம் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள், கேட்டதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். வெறும் ஆர்வம் என்றால் வெறும் ஆர்வம் என்றே சொல்லலாம். ஆய்வு, ஆவணப்படம் என்று பெரிதாக ஏதாவது இருந்தால் பழங்குடியினர் நலத்துறை, வனத்துறை இரண்டிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். தோடர் மந்தில் கோயில் பக்கம் தானாகப் போய் எட்டிப் பார்க்கக் கூடாது. எது வரை வரலாம் என்று கேட்டு அங்கே நில்லுங்கள். பெண்கள் போகக் கூடாத எல்லைகள் உண்டு. அதைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம், அது அன்றைய பேச்சுக்கு வேண்டாம்.

“உங்க வரலாறு சொல்லுங்க” என்று கேட்டால் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான நாலு வரிதான் வரும். பொருளையோ இடத்தையோ பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

“பாட்டி, உங்க சின்ன வயசுல இந்தச் சரிவுல தேயிலை இருந்துச்சா?”

“தாத்தா, அணை வர்றதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்துல யாரு இருந்தா?”

இரண்டாவது கேள்வி எமரால்டு, அவலாஞ்சிப் பக்கத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பைக்காரா மின்நிலையம் 1932இல் வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கனடாவின் உதவியோடு குந்தா மின்திட்டம் வந்தது. சுரங்கம் வெட்டியவர்கள், கேம்ப்பில் சமைத்தவர்கள், நிலம் போனவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். வெள்ளைக்காரத் துரைகளைப் பற்றித்தான் வரலாறு என்று நினைத்து வருகிறவர்கள் இந்தக் கதைகளை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டாலும் உறவு வெளியே வரும். பாறைத் தேன் எடுக்கக் கொடியில் திரித்த ஏணியில் இறங்குகிறவருக்கு, மேலே கயிற்றைப் பார்த்துக்கொள்வது மச்சான், அதாவது மனைவியின் உடன்பிறந்தான் என்று சொல்வார்கள். தன் தங்கச்சி தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்பது கணக்கு. “தேன் எப்படி எடுப்பீங்க?” என்று கேட்டால் இது வராது. “கயிறு யார் கையில இருக்கும்?” என்று கேட்டால் வரும்.

மொழி விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் எல்லோருக்கும் தனித்தனித் தாய்மொழி உண்டு. உங்களோடு தமிழில் பேசுவார்கள். ஆனால் கதையை அவர்கள் மொழியில் முதலில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், பிறகு தமிழில் கேளுங்கள். தமிழில் மட்டும் கேட்டால் சுருக்கம்தான் கிடைக்கும். தோடர் பாட்டு இதற்கு நல்ல உதாரணம். மூன்று அசை கொண்ட சின்னச் சின்னத் தொடர்கள் இணை இணையாக அடுக்கி வரும். இடப்பெயர், எருமைப் பெயர், குலப்பெயர் எல்லாம் அதில் கோத்திருக்கும். புது நிகழ்ச்சிக்கு அங்கேயே கட்டிப் பாடுவார்கள். 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கி அந்தப் பாட்டுகளைச் சேகரித்த எமனோ என்ற மொழியறிஞர் அவற்றை 1971இல்தான் வெளியிட்டார். மொழிபெயர்த்தால் “அந்தக் குன்று, இந்தக் குன்று” என்று ஒன்றுமில்லாதது போலத் தோன்றும் வரிகளில் ஒரு குலத்தின் மேய்ச்சல் பாதையே இருக்கும். தோடர் வேண்டுதலில் வரும் புனிதப் பெயர்களை மட்டும், பதிவு செய்யலாமா என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரே ஆளை நம்பாதீர்கள். கோத்தர் கதைகள் என்று எமனோ அச்சில் கொண்டுவந்தவை பெரும்பாலும் கொல்லிமலையைச் சேர்ந்த சுள்ளி என்ற ஒரே மனிதர் சொன்னவை. அதே காலத்தில் வந்த மானிடவியலாளர் மாண்டெல்பாமுக்கும் முக்கியமான தகவலாளி அவர்தான். பள்ளிக்கூட வாத்தியார், பழைய வழக்கங்களை மாற்ற வேண்டும் என்று வாதாடியவர், அசாத்தியமான கதைசொல்லி. அவர் இல்லாவிட்டால் நமக்கு இவ்வளவு கிடைத்திருக்காது. அவர் பார்த்த கோணம்தான் நமக்குக் கிடைத்தது என்பதும் அதே அளவு உண்மை. நீங்கள் போகும் ஊரிலும் நன்றாகப் பேசும் ஒருவர் இருப்பார், எல்லோரும் உங்களை அவரிடமே அனுப்புவார்கள். அவரிடம் கேளுங்கள், பிறகு பேசாத இன்னொருவரிடம் அதே கதையைக் கேளுங்கள். கட்டாயம் ஒரு பெண்ணிடமும் கேளுங்கள்.

கதையும் ஆவணமும் முட்டும் இடம் வரும். படகர் மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் அரசனிடமிருந்து தப்பி வந்தவர்கள் என்ற கதையைப் பல ஊர்களில் கேட்கலாம். சிலர் அந்த அரசன் திப்பு என்பார்கள். திப்பு ஆண்டது 1782 முதல் 1799 வரை. மேலே சொன்ன பாதிரியார் 1603இலேயே மலையில் படகர் ஊர் இருந்ததை எழுதியிருக்கிறார். படகரிலேயே, நாங்கள் வெளியிலிருந்து வரவில்லை, ஆதியிலிருந்தே இங்கேதான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். என்ன செய்வது? கதை சொன்ன பாட்டியிடம் போய் “நீங்க சொன்னது தப்பு” என்று தேதியை நீட்டாதீர்கள். நோட்டில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தப்பி ஓடியதும், ஆற்றைக் கடந்ததும், அண்ணன் தம்பிகள் பிரிந்து ஊர் கண்டதும் அந்தக் கதையின் உயிர். அரசனின் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது என் கணிப்பு.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் போனால் தாயகம் திரும்பியவர்களையும் கேளுங்கள். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசின் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, உருவாயின. தலைமன்னாரில் கப்பல் ஏறியது, மண்டபம் முகாமில் காத்திருந்தது, குளிரில் புதரை வெட்டிச் செடி நட்டது என்று நேரில் பட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டும் இருக்கிறார்கள். பழங்குடிக் கதை தேடி வந்தவர்கள் இவர்களைத் தாண்டிப் போவது எனக்கு எப்போதும் வருத்தம்தான். நேரம் குறைவாக இருந்தால் நான் முதலில் தோட்டத் தொழிலாளர்களின் இந்த லைன் (வரிசை) வீடுகளுக்குத்தான் போகச் சொல்வேன்.

பதிவு செய்யும்போது ஒவ்வொரு ஒலிக்கோப்பின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், அவர் சம்மதம் ஆகியவற்றை வாயாலேயே சொல்லிவிடுங்கள். கோப்பு எங்கே சிதறினாலும் அடையாளம் கூடவே இருக்கும். வீடியோவைவிட ஒலி மேல். கேமரா முன்னால் பாட்டிகள் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் இருப்பார்கள்.

8. கல்லைப் பார்ப்பது

சோலூர், மேலூர்ப் பக்கங்களில் கற்திட்டைகளும் (கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய பழைய ஈமச் சின்னங்கள்) நடுகற்களும் உள்ளன. சிலவற்றுக்கு இன்றைக்கும் பூசை நடக்கிறது, ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டுப் போங்கள். தேய்ந்த உருவம் தெரியவில்லை என்று சாக்பீஸ், மஞ்சள், மாவு எதையும் தடவாதீர்கள். மாலை வெயிலில் போனாலோ, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலோ கோடுகள் தாமாக எழும். பானை ஓடு கிடந்தாலும் எடுக்கக் கூடாது. பொருள் ஏதாவது கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கற்கள் தோடருடையதா, வேறு யாருடையதா என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதம் நடக்கிறது. எழுத்தில் தோடர் பெயர் தெரியவருவது 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டில். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தினான் என்று அது பெருமையடிக்கிறது. அச்சுறுத்தப்பட்டவர்கள் தரப்பு எந்தக் கல்லிலும் இல்லை.

9. எழுதுவது, திருப்பிக் கொடுப்பது

ஊருக்குத் திரும்பிய அன்றே குறிப்பைச் சுத்தமாக எழுதுங்கள். கேட்டது, பார்த்தது, படித்தது மூன்றுக்கும் மூன்று நிறப் பேனா வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. “அழிந்துவரும்”, “மர்மமான”, “கள்ளங்கபடமற்ற” போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். இன்றைக்குத் தைக்கிறவர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்குகிறார், அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அதையும் எழுதுங்கள். பாறை ஓவியம், ஈமச் சின்னம், கோயில் இவற்றின் சரியான இருப்பிடத்தை இணையத்தில் போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்களும் படிக்கிறார்கள்.

எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு, ஒலியைப் பென்டிரைவில் ஏற்றி, அடுத்த தடவை கையில் கொண்டுபோங்கள். போனில் அனுப்புவதோடு நிறுத்தினால் பாட்டிக்குக் கிடைக்காது, பேரனோடு நின்றுவிடும். பிரிண்டைக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தில் எழுத எல்லோர் பெயரையும் அவர்களிடமே கேளுங்கள்: இவர் யார் மகன், எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர், எந்தக் குலம் என்று. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து எட்டிப் பார்ப்பார்கள், திருத்துவார்கள், சண்டை போடுவார்கள். பேனாவும் நோட்டும் அப்போதும் கையில் இருக்கட்டும்.